புயிஸ்தொஸ்ஸா எங்கே இருக்கிறது?

என் மாமியார் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரும்புச் சுரங்கப் பகுதியில், பின்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கோடைதோறும் பெற்றோர் அழைத்துச் சென்ற ஒரு முகாமைப் பற்றி அடிக்கடி பேசுவார்: காட்டுக்குள் ஓர் ஏரி, சௌனா என்னும் நீராவிக் குளியலறை, மரத்தாலான நடனக் கூடம், நம் சொக்கப்பனையைப் போல ஓங்கி எரியும் நெருப்பு. அந்த இடத்தின் பெயர் ‘புயிஸ்தொஸ்ஸா’ என்பது மட்டும் அவருக்கு உறுதியாக நினைவிருந்தது. எண்பது வயதைக் கடந்த அவர் அதை ஒருமுறை பார்க்க விரும்பியதால், தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

வரைபடங்களில் அப்பெயர் இல்லை. லூத்தரன் திருச்சபைகள் நடத்திய முகாம்களைத் தேடியதும் வீணாயிற்று. தம் தந்தை தேவாலயத்துக்கே போனதில்லை, ஓய்வு நேரமெல்லாம் கூட்டுறவுக் கடையில்தான் இருப்பார் என்று மாமியார் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் என் தவறு புரிந்தது. அங்கு குடியேறிய பின்லாந்தியரிடையே தேவாலயத்தார், தொழிலாளர் இயக்கத்தார் என்ற பிளவு ஆழமானது. மெசாபி என்ற அந்தச் சுரங்கப் பகுதியில் 1907ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் தோற்றபின், இனி வேலை தரக் கூடாதென்று கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பலர் காட்டைத் திருத்திப் பயிரிட்டனர். கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களிடையே வேரூன்றின. நான் தேட வேண்டிய இடம் அந்த இயக்கத்தாருடையது.

பெயரின் முடிச்சை அவிழ்த்தது இலக்கணம். பின்லாந்தியர் பேசும் பின்னிய மொழியும் தமிழைப் போல, சொல்லோடு உருபுகளை ஒட்டிப் பொருள் தரும் ஒட்டுநிலை மொழி. அதன் ‘ஸ்ஸா’ நம் ‘இல்’ உருபுக்கு நிகரானது. அதை நீக்கினால் மிஞ்சுவது ‘புயிஸ்தோ’, அதாவது பூங்கா. பெரியவர்கள் ‘பூங்காவில்’ என்று பேசிக்கொண்டதைக் கேட்ட குழந்தை, உருபோடு சேர்த்து அதையே ஊர்ப் பெயராக எண்ணியிருக்கிறது. தமிழ் பேசுபவளாக இருந்ததால் இது என் கண்ணில் பட்டது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதன்பின் ‘முகாம்’ என்ற சொல்லை விட்டு, விஸ்கான்சினின் சுப்பீரியர் நகரிலிருந்து வெளிவந்த ‘த்யோமியெஸ்’ என்ற பின்னிய மொழித் தொழிலாளர் நாளிதழின் நுண்படச் சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) பூங்காவைத் தேடினேன். நெருப்பு மூட்டுவது யுஹன்னுஸ் என்னும் நடுக்கோடைத் திருநாளின் வழக்கம்; அது ஜூன் 24ஐ ஒட்டி வருவதால் ஜூன் மாத இதழ்களை மட்டும் படித்தால் போதுமாயிருந்தது. ஹிப்பிங் நகருக்கு அருகிலுள்ள மெசாபா கோ-ஆப் பார்க், அதாவது மெசாபா கூட்டுறவுப் பூங்கா, என்ற பெயர் அங்கே கிடைத்தது.

பழைய படங்களைக் காட்டுவதற்கு முன், நினைவிலிருந்தே அந்த இடத்தை வரைந்து தருமாறு மாமியாரிடம் கேட்டேன். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அதுவே நினைவாகிவிடும். அவர் வரைந்ததில் திசைகள் பிசகியிருந்தன; ஆனால் கூடமும் ஏரியும் பொருந்தின.

அடுத்த ஜூனில் அழைத்துச் சென்றோம். ஏரிக்கரையில் நின்றிருந்தபோது அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். “புயிஸ்தொஸ்ஸா” என்றார் மாமியார், இம்முறை அதன் பொருள் அறிந்து.