பிளாஸ்டர் அடைப்பும் ஹீலியமும்: மூன்றாவது முயற்சி

பிளாஸ்டரின் நுண்துளைகள் வழியே ஹீலியம் வெளியே போவது, காற்று உள்ளே வருவதைப் போல எத்தனை மடங்கு என்று அளந்து பார்க்கும் சோதனை இது. முதல் முயற்சி வீண். அடைப்பு சரியாகக் காயவில்லை. துளைகளில் தண்ணீர் நின்றால் வாயு எங்கே போகும்? அரை மணி நேரம் நீர்மட்டம் அசையவே இல்லை. அதன்பின் நாலு நாள் வெயிலில் வைத்தேன்.

அமைப்பு எளிது. 100 மி.லி. பிளாஸ்டிக் அளவு உருளையின் அடியை அறுத்து, அங்கே ஒரு செ.மீ. தடிமனுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அடைப்பு. அதன்மேல் டேப் ஒட்டி, வாய் கீழே இருக்கும்படி பிடித்து, மெல்லிய குழாயால் பலூன் ஹீலியத்தை உச்சிவரை விட வேண்டும். ஹீலியம் மேலே தங்கும், காற்று கீழே வெளியேறும். பிறகு வாயை 100 கோடுவரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி டேப்பை உரிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது முயற்சியில் உருளையை ஸ்டாண்டில் இறுக்கி வைத்துவிட்டேன். டேப்பை உரித்ததும் தண்ணீர் கண்ணெதிரே ஏறியது, வேடிக்கையாகத்தான் இருந்தது. 52-ஐத் தொட்டு ஒரு நிமிடம் நின்றது. பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது! கசிவு என்று நினைத்து ஓரமெல்லாம் மெழுகு பூசினேன். கசிவே இல்லை. பத்து செ.மீ. நீர்த்தூண் தொங்கும்போது உள்ளே அழுத்தம் குறைவு. அந்த இழுப்பில் காற்று துளைகள் வழியே மொத்தமாகப் பாய்ந்து வருகிறது. விரவுதலும் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது) இந்த ஓட்டமும் கலந்துபோனால் கணக்கு எப்படி வரும்? 1833-இல் வெளியான கட்டுரைக்கான சோதனைகளில், வாயுக்கள் விரவும் விதியைக் கண்ட வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைச் சமமாக வைத்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது.

இந்தமுறை தண்ணீர் ஏற ஏற உருளையைக் கையால் கீழே அழுத்திக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் 41-இல் நின்றது, இறங்கவில்லை. வெளியே போன ஹீலியம் 100, உள்ளே வந்த காற்று 41: விகிதம் 2.44. கிரஹாம் விதியில், மூலக்கூறு எடை விகிதத்தின் (காற்று 29, ஹீலியம் 4) வர்க்கமூலப்படி 2.69 வரவேண்டும், அதாவது 37 மி.லி. தொடக்கத்தில் ஆறு சதவீதம் காற்று கலந்திருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். என் நிரப்பும் லட்சணத்துக்கு அது அதிகமில்லை.

விசித்திரம் என்னவென்றால், பிளாஸ்டரின் துளைகள் மூலக்கூறுகளுக்கு ரொம்பப் பெரியவை. மூலக்கூறுகள் துளைச் சுவரைவிடத் தங்களுக்குள்தான் அதிகம் மோதிக்கொள்கின்றன. ஆனாலும் அழுத்தம் சமமானால் அதே விகிதம்தான். எதிரெதிரே போகும் இரு வாயுக்களும் சுவருக்குத் தரும் உந்தம் ஈடாக வேண்டும். லேசானது அதற்கேற்ப அதிக எண்ணிக்கையில் போகிறது.

அடுத்து கார்பன் டை ஆக்சைடு. அதில் மட்டம் கீழே இறங்க வேண்டும்: 60-இல் தொடங்கினால் 74 அளவில். வெறும் தண்ணீர் அந்த வாயுவைக் கரைத்துக் கெடுத்துவிடும் என்பதால் வாளியில் செறிந்த உப்புக்கரைசல் தயார். புது அடைப்பு இன்னும் காய்கிறது.