அம்மா மறக்கவில்லை

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் அளவு 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மருந்தைக் கூட்டி எழுதுவதற்கு முன் மருத்துவர் ஒன்று கேட்டார்: "போன வாரம் எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போச்சும்மா?" ஒழுங்காப் போடுறீங்களா என்று கேட்டிருந்தால் "போடுறேன்" என்பதோடு முடிந்திருக்கும். விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்ற தொனி அம்மாவைப் பேச வைத்தது.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது, அதனால் வெளியே கிளம்பும் நாட்களில் போடுவதில்லையாம். இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமான ஒரு நாளில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அந்தப் பயத்தில் அதைப் பாதியாக உடைத்துப் போட்டுவந்திருக்கிறார். காரணம் மறதியே இல்லை. அலாரம் வைத்து என்ன பயன்?

நீண்டகால நோய்க்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. மீதிப்பேரில் எத்தனை பேருக்கு அம்மாவைப் போலச் சொல்லாத காரணம் இருக்குமோ!

மருத்துவர் மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சில வாரங்களில் வயிறு அடங்கிவிட்டது. கிளிமிபிரைடின் அளவைக் குறைத்து, காலைச் சாப்பாட்டோடு மட்டும் போடச் சொன்னார். சாப்பிட முடியாத நாளில் போடக்கூடாது. நடுக்கம் வந்தால் உடனே சோதிக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதைத் தாளில் எழுதிக் கையில் வாங்கிய பிறகுதான் அம்மாவுக்குப் பயம் தெளிந்தது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது என்பதும் அதில் இருந்தது.

கிழமை வாரியாக அறை பிரித்த டப்பாவை அம்மாவேதான் நிரப்புகிறார். நான் எண்ணிப் பார்ப்பதில்லை. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது மட்டும் என் வேலை. நோயாளியைக் காவல் காத்தால் மாத்திரை உள்ளே போகலாம், உண்மை வெளியே வராது.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.4. "குறைஞ்சிருச்சே, இனி நிறுத்தலாமா?" என்றார் அம்மா. மாத்திரைதான் குறைத்து வைத்திருக்கிறது, நாமாக நிறுத்தினால் ஏறிவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால், அடுத்த முறை அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.