ஸ்லைடில் துடிப்பதும் துடிக்காததும்

மார்ச் 4
கிளினிக்கிலிருந்து முதல் ஸ்வாப்கள் (மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சிகள்) வந்துவிட்டன. பெண்களிடையே ட்ரைக்கோமோனாஸ் வஜினாலிஸ் எந்த அளவு பரவியிருக்கிறது, அதில் எத்தனை மரபணு வகைகள் என்று பார்க்கும் வேலை. உடலுறவு வழியாகத் தொற்றும் இந்த ஒட்டுண்ணியை 1836-இல் பிரெஞ்சு மருத்துவர் அல்பிரட் டொன்னே நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவைத்தார். இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான் தேடுகிறார்கள். ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன் (உப்புநீர்), அதில் ஸ்வாபைக் கலக்கி மேலே கவர்ஸ்லிப், அவ்வளவுதான்.

இன்று ஒன்று வசமாக மாட்டியது. உருவம் ஏறத்தாழ வெள்ளணு அளவுதான். முன்பக்கத்தில் நீந்த உதவும் சாட்டை போன்ற நான்கு கசையிழைகளும் தனித்தனியாகத் தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு படபடப்பு மட்டும். பக்கவாட்டுச் சவ்வு அலையலையாய் நெளிந்தது. இது நேராக நீந்தாது, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு நகரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகம் குறைந்துவிட்டது. ஸ்லைடு ஆற ஆற அடங்கி, உருண்டையாகி, வெள்ளணுக் கூட்டத்தில் கலந்துவிடும். அப்புறம் யார் பார்த்தாலும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள்.

மார்ச் 6
எதிர்பார்த்ததுதான். ஸ்லைடில் நெகட்டிவ் என்றிருந்த சில மாதிரிகள், டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆரில் பாசிட்டிவ். தொற்று உள்ள 100 பெண்களில் 44 முதல் 68 பேரைத்தான் ஸ்லைடு பிடிக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அதனால்தான் பரவல் வீதம் என்று யார் எண் சொன்னாலும், எந்தச் சோதனை, எந்தப் பெண்களிடம் என்று முதலில் கேட்பேன். பால்வினை நோய்க்கு வருபவர்களிடம் எடுத்த எண்ணையும் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. வயதையும் பார்க்க வேண்டும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று இளவயதில்தான் அதிகம். ட்ரைக்கோமோனாஸ் நாற்பதைத் தாண்டியவர்களையும் விடுவதில்லை.

மார்ச் 11
அறிக்கைக்கு முன்னுரை எழுத உட்கார்ந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020-இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடம் புதிய ட்ரைக்கோமோனாஸ் தொற்றுகள் 15.6 கோடி. கிளமிடியா 12.9 கோடி, கொனோரியா 8.2 கோடி. முதலிடத்தில் இருப்பதைப் பற்றித்தான் பேச்சே குறைவு! தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை, மாத்திரையும் இருக்கிறது. அதனால் 'சின்னத் தொல்லை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குறைமாதப் பிரசவத்தோடும், எச்ஐவி தொற்றும் வாய்ப்பு கூடுவதோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்பதை முன்னுரையில் முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன்.

மார்ச் 12
வளர்ப்புக் குழாய்களைப் பார்த்ததோடு சரி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19
டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லை ஓட்டிய நாள். ஆக்டின் மரபணுவைப் பெருக்கி, மூன்று நொதிகளால் தனித்தனியே வெட்டி, துண்டுகளின் நீளத்தை வைத்து வகை பிரிக்கும் பழைய முறை. புறஊதா விளக்கின் கீழ் பட்டைகள் வரிசையாக ஒளிர்ந்தன. பக்கத்துப் பக்கத்து வரிசைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க, நடுவில் ஒன்றில் மட்டும் ஒரு பட்டை கூடுதல். வெட்டும் இடத்தில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறினாலே போதும், ஒரு துண்டு இரண்டாகும். சில சமயம் ஒரே பெண்ணிடம் இரண்டு வகைகள் சேர்ந்தும் இருக்கலாம், ஆகவே அதைத் தனியாக மறுபடி ஓட்ட வேண்டும்.

மார்ச் 20
ஜெல்லில் பிரித்த வகைகளுக்கு ஏ, ஈ, ஜி, எச் என்று பெயர் வைத்துக்கொண்டே போவதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும் மைக்ரோசாட்டிலைட் முறையில் பார்த்தபோது உலகெங்கும் கிடைத்த ரகங்கள் இரண்டு பெரும் கூட்டங்களாகப் பிரிந்தன. அதுதான் சுவாரசியம். முதல் வகைக்குள் ட்ரைக்கோமோனாஸைத் தாக்கும் வைரஸ் அடிக்கடி குடியிருக்கிறது, அதாவது ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. இரண்டாம் வகையில், இதற்குக் கொடுக்கும் மருந்தான மெட்ரோனிடசோலுக்கு மசியாத தன்மை கூடுதலாகத் தென்பட்டது. 2007-இல் வெளியான மரபணுத்தொகையோ பிரம்மாண்டம். சுமார் 16 கோடி எழுத்துகள், அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்.

மார்ச் 27
கிளினிக் நர்ஸ் சொன்னார்: மாத்திரை சாப்பிட்டு முடித்த ஒரு பெண்ணுக்கு மறுபடி பாசிட்டிவ். கணவருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றதற்கு, "அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையே சிஸ்டர், அவர் எதுக்குச் சாப்பிடணும்?" என்றாராம். ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்குப் போய் அவரை நம்பவைக்கப் போவது அந்தப் பெண்தானே.

"ரெண்டு தடவையும் ஒரே வகையான்னு பார்த்தா தெரிஞ்சிடுமா?" என்று நர்ஸ் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் பதில் பாதிதான் கிடைக்கும். வேறு வகை வந்தால் புதுத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே வகை வந்தால்? மருந்துக்கு மசியாததாகவும் இருக்கலாம், கணவரிடமிருந்தே திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். அவரிடம் இருப்பதும் அதே வகையாகத்தானே இருக்கும். அதைப் பிரித்துச் சொல்ல ஒட்டுண்ணியை உயிரோடு வளர்த்து மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டினால் அது நடக்காது. இனி மறுபரிசோதனைக்கு வருபவர்களிடம் இரண்டு ஸ்வாப் எடுத்து, ஒன்றை நேராக வளர்ப்பு ஊடகத்தில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.