காளான் கொட்டிலுக்கு நீர்ப்புகார் தொகுதி பூட்டிய அனுபவம்

மாங்குளத்தில் எங்கள் காளான் கொட்டிலுக்குக் கிடுகுக் கூரை, சாக்குச் சுவர், நிலத்தில் மணல். மாரியில் இது போதும். சோழகக் காற்று தொடங்கினால் நனைத்த சாக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். சிப்பிக்காளான் மொட்டு விடும்போது 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். இந்த முறை இரண்டு தரம் மொட்டெல்லாம் காய்ந்து போனபிறகுதான் தண்ணீரைப் புகாராக விசிறும் நொசில்களும், ஈரப்பதத்தைப் பார்த்து மோட்டரைப் போட்டு நிறுத்தும் கருவியும் வாங்கினேன்.

குழாய் இழுத்தது அரை நாள் வேலை. வயரிங்கில்தான் அகப்பட்டேன்.

மோட்டர் நின்றபிறகு காளான் பைகளில் தண்ணீர் சொட்டாமலிருக்க, மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சொலினொய்ட் வால்வும் வவுனியாவில் வாங்கியிருந்தேன். அதையும் மோட்டரோடு சேர்த்து 230 வோல்ட் லைனில் கொடுத்தேன். ஒரு நிமிடமாகவில்லை, எரிந்த மணம். வால்வின் கொயிலின் (மின்சுருளின்) அடியில் பொடி எழுத்தில் 24 வோல்ட் என்று இருந்தது. அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டுமென்று கடையில் யாரும் சொல்லவில்லை. மறுநாள் திரும்ப ஏ9 வீதியில் பஸ் ஏறினேன். "எரிஞ்ச சாமான் திருப்பி எடுக்க மாட்டம்" என்றுவிட்டார்கள். புதுக் கொயிலுக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் வீண், மனவருத்தம் வேறு. வால்வு வாங்கினால் கொயிலைத் திருப்பி லேபிளை வாசித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

அப்புறம், மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. பக்கத்து வளவில் வயரிங் செய்கிற தம்பியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவுடனேயே, "அண்ணை, புகாருக்குள்ளயே ஜொயின்ட் போட்டு வச்சிருக்கிறியள்" என்றான். மெயினை நிறுத்திவிட்டு, ஜொயின்ட் பெட்டியைக் கொட்டிலுக்கு வெளியே மாற்றி, எர்த்தும் ஒழுங்காகக் கொடுத்தான். அதை முதலிலேயே அவனிடம் விட்டிருக்க வேண்டும்.

சென்சரை நொசிலுக்கு நேர்கீழே வைத்ததும் பிழை. அது நனைந்து 99 காட்டும், மோட்டர் நின்றுவிடும், வாசல் பக்கத்துப் பைகள் காயும். இப்போது புகார் நேரே படாத வாசல் பக்கத்தில், பைகளின் உயரத்தில் தொங்குகிறது. கருவியை 85 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலிலேயே வெள்ளையாகப் படியும். இரண்டு கிழமையில் நொசில்கள் அடைத்துவிட்டன. கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்தால் படிவு கரைகிறது. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெருத்துப் புகாருக்குப் பதிலாகத் தண்ணீர் கொட்டும். இப்போது மோட்டருக்கு முன்னால் ஃபில்டர் போட்டிருக்கிறேன். மாரிக்கு முன் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு தாங்கி வைக்க வேண்டும்.

நேற்று மத்தியானம், வெளியே காற்று அனலாக அடிக்கும்போது, உள்ளே மொட்டுகள் ஈரமாக நின்றன. அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.