திரை சிவக்காமல் இருக்க

பிப்ரவரி 3

இரண்டு பக்க மூக்கிலும் பாலிப் (சதை வளர்ச்சி) உள்ள ஒருவர் ஓ.பி.க்கு வந்தார். காபி வாசனையே தெரிவதில்லையாம். அடுத்த வாரம் எண்டோஸ்கோப் ஆபரேஷன். அதுவரை சாப்பிட பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதினேன். சதை சுருங்கும், ரத்தக் கசிவும் குறையும். ரத்தக் கசிவைக் கூட்டும் மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஆஸ்பிரின் இல்லை என்றார். துருவிக் கேட்டதும்தான், "மீன் எண்ணெய் மாத்திரை போடறேன் சார், அதெல்லாம் மருந்தா?" என்றார். அதுவும் கசிவைக் கூட்டலாம் என்று நிறுத்தச் சொன்னேன்.

பிப்ரவரி 10

மயக்க வாயு ரத்தக்குழாய்களை விரித்துவிடும் என்பதால் ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்தை ஊசி வழியாகவே ஓடவிட்டோம். டேபிளின் தலைப்பக்கம் 15 டிகிரி உயரம். ரத்தக்குழாய்கள் சுருங்க, 1:1000 அட்ரினலினில் நனைத்த பஞ்சுப்பட்டைகளை மூக்கில் வைத்து பத்து நிமிடம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பைச் சுருக்கப் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். அந்த அட்ரினலின் கிண்ணத்தில் ஃப்ளூரசின் என்ற சாயத்தைத் துளி விட்டு மஞ்சளாக்கி வைப்போம். ஊசியில் போடுவது 1:1,00,000; கிண்ணத்தில் இருப்பது அதைப்போல நூறு மடங்கு. நிறம் இல்லாவிட்டால் கை மாறி, கிண்ணத்தில் இருப்பது ஊசிக்குள் போய்விடலாம்.

மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எத்மாய்டு சைனஸின் பின் அறைகளைத் திறக்கும்போது எண்டோஸ்கோப் திரை சிவந்தது. சக்ஷனை எடுத்த சில நொடியில் மறுபடி ரத்தம். ரத்தக் கசிவை 0 முதல் 5 வரை மதிப்பிடும் போசார்ட் அளவுகோலில் 3. மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டேன்.

"பல்ஸ் எவ்வளவு மேடம்?"

"எழுபத்தெட்டு. பிரஷர் நல்லாத்தான் இருக்கு."

"அறுபது பக்கம் கொண்டுவர முடியுமா?"

இதயத் துடிப்பைக் குறைக்கும் எஸ்மலால் ஊசி போனது. வெந்நீர் சலைனால் கழுவிப் பொறுத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எலும்பின் வெள்ளை தெரிந்தது. 1995-இல் போசார்ட் குழு காட்டியதும் இதுதான்: ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோபுருசைடால் பிரஷரை நன்றாக இறக்கியதைவிட, எஸ்மலாலில் பிரஷர் அவ்வளவு இறங்காமலே ஆபரேஷன் செய்யும் இடம் தெளிவாக இருந்தது. பிரஷரை மட்டும் துரத்துவதில் பலனில்லை, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போக வேண்டுமே.

பிப்ரவரி 11

ரவுண்ட்ஸ். அடைப்புப் பஞ்சு நனையவில்லை. அப்புறம் பி.ஜி. மாணவி, "சார், முகத்தை மூடும்போது கண்ணை மட்டும் ஏன் திறந்து விடுறீங்க?" என்று கேட்டாள். முன் எத்மாய்டு தமனி அறுந்தால் உள்ளிழுத்துக்கொண்டு கண்குழிக்குள் கசியும்; மூக்கில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் கண் பிதுங்கலாம். சிஸ்டர் பார்த்துச் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அப்போது அழுத்தம் குறைய கண்ணின் வெளி ஓரத்தை உடனே வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும். அந்த வெட்டை அவளுக்கு வியாழக்கிழமை கற்றுத்தருகிறேன்.