எனக்கு வராத அழைப்பு

எட்டு வருடமாக என் காதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. வாடிக்கையாளர் சேவை மையம், புகார்ப் பிரிவு. ஹெட்செட்டை மாட்டி லாகின் செய்தால் ஒன்பது மணி நேரமும் அடுத்தவர் கோபம்தான். பாராட்டுவதற்காக யாரும் எங்களை அழைப்பதில்லை. ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் திரை ஓரத்தில் ஒரு கட்டம் மஞ்சளாகும், அப்புறம் சிவப்பு.

ஒரு நாள், ஒருவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே மியூட்டை அழுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர் குரல் காதில் விழுந்தது, ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் நான்கு முறை கேட்டது பதிவில் இருக்கிறது. டீம் லீடர் அதைப் போட்டுக் காட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். "பிரேக்ல கேன்டீனுக்குப் போகாதீங்க. பின்னாடி காடு இருக்குல்ல, கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார்.

அதைக் காடு என்பது கொஞ்சம் மரியாதைதான். யாரும் சீண்டாமல் விட்டதில் அடர்ந்துபோன மரக்கூட்டம், நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. சுற்றிவர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் பதினெட்டு நிமிடத்தில் முடித்தேன். மறுநாள் பதினேழு. கைபேசி அடிகளை எண்ணிக்கொண்டே வந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நாள் கேட்டில் இருந்த காவலாளி கேட்டார்: "ஏம்மா, உள்ள யாராவது துரத்துறாங்களா?"

மரங்களுக்கு நடுவே சும்மா இருந்துவிட்டு வருவதற்கு ஜப்பானின் வனத்துறை 1982-ல் 'ஷின்ரின் யோகு' என்று பெயர் வைத்தது. காட்டுக் குளியல் என்று பொருள். நான் செய்துகொண்டிருந்தது காக்காய்க் குளியல்.

என்னை உட்கார வைத்தது செருப்புதான். பாதி வழியில் வார் அறுந்துவிட்டது. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, அதை எப்படியாவது முடிச்சுப் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நிமிடங்கள் தாங்க முடியவில்லை. அடுத்த 'பீப்' எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். கை தானாகப் பைக்குள் போய்க் கைபேசியை எடுத்துவிட்டது. திரையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் 'டர்ர்ர்'. இந்த முறை தலைக்கு மேலிருந்து.

மரங்கொத்தி. பட்டுப்போன ஒரு கிளையில், விறைத்த வாலை முட்டுக்கொடுத்துக்கொண்டு செங்குத்தாக நின்றிருந்தது. தட்டும்போது தலை மங்கலாகத்தான் தெரிந்தது. நொடிக்கு இருபது முறை வரைகூடத் தட்டுமாம். இரைக்காகக் கொத்துவது வேறு, அது விட்டு விட்டுக் கேட்கும். இப்படி ஒரே மூச்சில் அடிப்பது, நன்றாக ஒலிக்கும் கிளையாகத் தேர்ந்தெடுத்து, இது என் இடம் என்று சொல்வதற்கும் துணையைக் கூப்பிடுவதற்கும். ஆக அதுவும் ஓர் அழைப்புதான். ஆனால் எனக்கு வந்தது இல்லை. யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. காய்ந்த இலை ஒன்று இறங்கும்போது வழியில் மற்ற இலைகளில் தட்டித் தட்டி வரும் சத்தம். சருகுக்கு அடியில் எதுவோ ஊரும் சத்தம். ரேச்சல் காப்லான், ஸ்டீஃபன் காப்லான் என்ற உளவியலாளர் தம்பதி 1989-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். முயன்று இழுத்துப் பிடித்து வைக்கிற கவனம் களைத்துப்போகுமாம். இலை அசைவதும் மேகம் நகர்வதும் தாமாகவே நம்மை ஈர்க்கும்போது அதற்கு ஓய்வு கிடைக்குமாம். படித்தபோது மியூட் பட்டன்தான் நினைவுக்கு வந்தது.

அன்று வெறுங்காலோடு திரும்பினேன், பன்னிரண்டு நிமிடம் தாமதமாக. காவலாளி காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு பெரியவர் அழைத்தார். ஒரே புகாரை மூன்றாவது முறையாகச் சொல்கிறார், குரல் உயர்ந்துகொண்டே போகிறது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், பின்னால் எங்கோ 'டர்ர்ர்' என்று கேட்டது. "ஐயா, உங்க வீட்டுப் பக்கத்துல பட்ட மரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருக்கும்மா. வெட்டச் சொல்றாங்க, நான்தான் விடல" என்றார்.

புகார் தீர்ந்தது, பதினோரு நிமிடத்தில். அந்த அழைப்புக்கான மதிப்பீட்டில் எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். காரணம்: 'தேவையற்ற உரையாடல்'.