பத்து வயது முதல் பதினாறு வயது வரை

2011, 2014, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மெல்பேர்ணில் (2011இல் சிட்னியிலும்) நடைபெற்ற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டச் சர்வதேசக் கிண்ணப் போட்டிகளின்போது, வெளிநாட்டு அணிகள் அனுப்பிவைக்கும் வீரர் பட்டியல்களைச் சரிபார்க்கும் தற்காலிக வேலையை நான் பார்த்தேன். கடவுச்சீட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்னார் இந்த நாட்டுக்காக ஆடலாம் அல்லது ஆடக்கூடாது என்று குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்புவதே என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் வட்டப் பந்தை உதைத்து வளர்ந்த எனக்கு, நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாத அந்த நீள்பந்தின்மீது தொடக்கத்தில் பெரிய மதிப்பு எதுவும் இருக்கவில்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் விளையாடும் வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் இறங்குவார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள், பக்கத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவர் 15 மீற்றருக்கு ஒரு தடவை அதை நிலத்தில் தட்ட வேண்டும். இந்த ஆட்டத்தின் முதல் விதிகள் 1859 மே மாதம் மெல்பேர்ணில் எழுதப்பட்டன. அதாவது உலகமெங்கும் ஆடப்படும் வட்டப் பந்து உதைபந்தாட்டத்தின் விதிகளைவிட இவை நான்கு ஆண்டுகள் மூத்தவை. இருந்தும் அந்தச் சின்னவர் உலகத்தை வளைத்துப் பிடித்தார், இந்தப் பெரியவர் வீட்டு வாசலைத் தாண்டவே நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

சர்வதேசக் கிண்ணத்தில் தகுதி விதி இரண்டு வரிதான். வீரர் அந்த நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். 10 வயது முதல் 16 வயது வரையான காலத்தைப் பெரும்பாலும் அந்த நாட்டிலேயே கழித்திருக்க வேண்டும். வெளிநாடுகளில் இந்த ஆட்டம் எப்படி முளைக்கிறது என்று பார்த்தால் இதன் தேவை விளங்கும். வேலைக்காகப் போன ஓர் அவுஸ்திரேலியர் பெட்டியில் பந்து ஒன்றைக் கொண்டுபோவார், தன்னைப் போன்ற பத்துப் பேரைச் சேர்ப்பார், ஆள் போதாதபோது உள்ளூர் நண்பர்களை இழுத்துவிடுவார். டென்மார்க்கில் 1991இல் லீக் தொடங்கியதும் இப்படித்தான். விதி இல்லாவிட்டால், மெல்பேர்ண் புறநகர்க் கழகமொன்று பதினெட்டு விதமான சட்டைகளை மாற்றி மாட்டிக்கொண்டு தன்னோடு தானே ஆடுவது போலத்தான் சர்வதேசப் போட்டி நடந்திருக்கும். 2002இல் 11 அணிகளோடு தொடங்கியபோதே இதில் கண்டிப்பாக இருந்தவர்களை நான் மதிக்கிறேன்.

அந்த விதியை வைத்துக்கொண்டுதான் ஓர் இளைஞனை நான் பட்டியலிலிருந்து நீக்கினேன். அவன் பிறந்தது ஒரு நாடு. எட்டு வயதில் குடும்பத்தோடு தப்பியோடி வளர்ந்தது இன்னொரு நாட்டு எல்லையிலிருந்த அகதி முகாம். பதினைந்து வயதில் வந்து சேர்ந்து, பந்தைத் தொட்டு, பிரஜையுமானது மூன்றாவது நாடு. பாடசாலை விடுகைப் பத்திரத்துக்குப் பதிலாக, முகாமில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த கடிதமொன்றை அவன் இணைத்திருந்தான். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு ‘தகுதி இல்லை’ என்று குறித்தேன். மறுநாள் அவனுடைய அணியின் முகாமையாளர் தொலைபேசியில் கோபப்படாமல், அப்படியானால் அவன் எந்த நாட்டுக்காக ஆடலாம் என்று மட்டும் கேட்டார். விதிப்படி எந்த நாட்டுக்காகவும் ஆட முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோராவது வயதில், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சி, வன்னி, சென்னை என்று அலைந்து பதினைந்து வயதில் மெல்பேர்ண் வந்த எனக்கும் அதே பதில்தான் என்பது தொலைபேசியை வைத்த பிறகே உறைத்தது. விதிவிலக்குக் கேட்டு மேலிடத்துக்கு ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றாதது என் பிழை.

அவன் அணியோடு வந்தான். ஆட்டங்கள் மிருகக்காட்சிச்சாலைக்கு அடுத்திருக்கும் ரோயல் பார்க் மைதானங்களில் நடந்தன. ஓகஸ்ட் குளிரில், ஈரப் புல்லில், இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல்களைக் கோத்துக்கொண்டு அவன் ஓடி ஓடிக் கொடுத்ததைப் பார்த்தேன். பந்து எல்லையைத் தாண்டி அவன் காலடிக்கு வந்தபோது, போத்தல்களைக் கீழே வைத்து, பந்தைத் துடைத்து, நாற்பது மீற்றர் தூரத்திலிருந்த எல்லை நடுவரின் நெஞ்சுக்கு நேராக உதைத்தான். அவன் அணியிலிருந்து மைதானத்தில் இறங்கிய பதினெட்டுப் பேரில் அப்படி உதைக்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்திருந்தால் அதிகம்.

ஆட்டத்தைப் பரப்புவதில் விதியைவிடப் பெரிய தடை இடம். இதற்கான மைதானம் 135 முதல் 185 மீற்றர் வரை நீளமும் 110 மீற்றருக்குக் குறையாத அகலமும் உடையது. கிரிக்கெட் இல்லாத ஐரோப்பிய நகரத்தில் அவ்வளவு பரப்பை யார் தருவார்கள்? அதனால்தான் ஐரோப்பியக் கிண்ணம் 2005 முதல் அணிக்கு ஒன்பது பேரோடு உதைபந்தாட்ட, றக்பி மைதானங்களில் நடக்கிறது. ஆசாரக்காரர்கள் இதை முகம் சுளித்துப் பார்ப்பார்கள். எனக்கென்னவோ, ஆட்டத்தை உண்மையிலேயே கடல் கடத்தியது இந்த ஒன்பது பேர் ஏற்பாடுதான். அடுத்த தடை நடுவர்கள். ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஆளில்லாமல் என்னையே கோல் நடுவராக நிறுத்தினார்கள். கம்பத்தை உரசிச் சென்ற பந்துக்கு நான் இரண்டு கொடிகளையும் உற்சாகமாக ஆட்டி ஆறு புள்ளிகள் கொடுத்துவிட்டேன். உரசினால் ஒன்றுதான். எதிரணித் தலைவர் வந்து மிகுந்த மரியாதையோடு ஒரு கொடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இடமும் ஆளும் இல்லாமலே ஆட்டம் வேரூன்றிய அதிசயம் பசிபிக் தீவு நாடான நவுறு. ஏறத்தாழ 12,000 பேர் வாழும் அந்தத் தீவில் இதுவே தேசிய விளையாட்டு. ஜீலோங் நகருக்குப் படிக்க அனுப்பப்பட்ட பிள்ளைகள் பந்தோடு திரும்பி வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஹாமர் டிரொபேட் 1968இல் நாடு சுதந்திரமடைந்தபோது முதல் ஜனாதிபதியானார். அங்குள்ள பிரதான மைதானத்தில் புல் கிடையாது, பொஸ்பேற்றுத் தூள்தான். விழுந்தெழும்பினால் முழங்கால் மிஞ்சாது என்று அவர்களே சிரிப்பார்கள். அதோடு ஒப்பிட்டால், 2017 முதல் 2019 வரை ஷங்ஹாயில் ஆண்டுக்கொன்றாக நடத்தப்பட்ட அவுஸ்திரேலிய லீக் ஆட்டங்கள் எனக்குக் கலியாண வீட்டுப் பந்தல் போலத்தான் தோன்றின. பார்க்க வந்தவர்களில் பெரும் பங்கினர் அவுஸ்திரேலியாவிலிருந்து பறந்து வந்தவர்கள். 2020 ஆட்டம் கொரோனாவால் கைவிடப்பட்டதோடு பந்தலும் பிரிக்கப்பட்டது.

நிர்வாகத்தின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு ஃபீஃபா உண்டு, கிரிக்கெட்டுக்கு ஐ.சி.சி. உண்டு; இந்த ஆட்டத்துக்கு அப்படியொரு சபை இன்று இல்லை. 1995இல் டார்வினில் நடந்த, அண்டை நாடுகள் கூடும் அரபூரா விளையாட்டுகளை ஒட்டி ஒரு சர்வதேச சபை உருவானது, ஆனால் அது நிலைக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் 18 கழகங்களின் லீக்கை நடத்தும் ஏ.எஃப்.எல். (அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்) ஆணையமே உலகம் முழுவதற்கும் விதி வகுக்கிறது. இதில் வசதிகள் இருப்பதை மறுக்க மாட்டேன்: பந்து கிடைக்கிறது, பயிற்சி கிடைக்கிறது, இறுதியாட்டத்தை மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் ஆடும் பேறும் கிடைக்கிறது. 2014இல் அங்கே அயர்லாந்தை மூன்றே புள்ளிகளால் வென்ற பப்புவா நியூகினி வீரர்களின் முகங்களைப் பார்த்தவர்கள் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் பிள்ளை பெற்றோரின் வருமானத்தில் வாழும்வரை வீட்டில் அதன் பேச்சு எடுபடாது. 2020 கிண்ணம் தொற்றுநோயால் இரத்தானது நியாயமான முடிவுதான். அதற்குப் பிறகு அது திரும்ப நடத்தப்படவில்லை, எப்போது நடக்கும் என்று உரிமையோடு கேட்க டென்மார்க்குக்கோ நவுறுவுக்கோ ஒரு வாக்குக்கூடக் கிடையாது. பிராந்தியங்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டன. ஐரோப்பியக் கிண்ணம் தொடர்கிறது. 2022இல் ரொறன்ரோவில் அத்லாந்திக்கின் இரு கரைகளிலுமுள்ள அணிகள் கூடி ஆடின.

நான் அந்த வேலையை விட்டு ஆண்டுகளாகின்றன. இருந்தாலும் அன்று தொலைபேசியில் பேசிய முகாமையாளர், தம் அணியில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனின் பாடசாலைப் பத்திரங்களையும் இப்போதும் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பிவைக்கிறார். இனி இது என் பொறுப்பல்ல என்று ஒருமுறை எழுதினேன். தெரியும், போட்டி அறிவித்த பிறகு தேடினால் கிடைக்காது என்பதால் உங்களிடம் இருக்கட்டும் என்று பதில் வந்தது. சென்ற மாதம் ஏழு பேருடைய பத்திரங்கள் வந்தன. ஆறு சரியாக இருந்தன. ஏழாவதில் பதின்மூன்று வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இரண்டு வருடமும் பையன் எங்கே இருந்தான் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.